ஈரலைக் காக்குமா இந்த ஊசி?

பனமரத்துப்பட்டியில் ஒருவருக்குக் கண்கள் மஞ்சளித்தால், வீட்டார் முதலில் தேடுவது கீழாநெல்லியைத்தான். சாதாரணக் காமாலை பல சமயம் தானாகவே தணிந்துவிடும். பெருமை பச்சிலையைச் சேரும். ஆனால் வயிறு வீங்கி, பேச்சுக் குழறி, நினைவு தப்பும்போது சேலத்துக்கு ஓட வேண்டியதாகிறது. "ஈரல் செயலிழந்துவிட்டது, மாற்று ஈரல் வைக்க வேண்டியிருக்கும்" என்று டாக்டர் கூறினால், குடும்பத்தார் கேட்கும் கேள்வி ஒன்றே: "இதற்கு ஊசி மருந்து கிடையாதா?"

உண்டு என்று சில ஆண்டுகளுக்கு முன் நம்பிக்கை பிறந்தது. அது பிறந்த இடமும் நம் நாடுதான்.

டில்லியில் கண்டது

எலும்பு மஜ்ஜையைத் தூண்டி வெள்ளை அணுக்களைப் பெருக்கும் மருந்து ஒன்று உண்டு. ஜி.சி.எஸ்.எப். என்பது அதன் பெயர். புற்றுநோய் சிகிச்சையால் வெள்ளை அணுக்கள் குறைந்தவர்களுக்கு அமெரிக்காவில் 1991-இல் இது அனுமதிக்கப்பட்டது. இன்று இந்தியாவிலேயே தயாராகிறது. ஈரல் மாற்றுச் சிகிச்சையோடு ஒப்பிட்டால் செலவு சொற்பமே.

ஈரல் செயலிழந்தவர்களில் பலரை மாய்ப்பது கிருமித் தொற்று. வெள்ளை அணுக்கள் பெருகினால் கிருமியை எதிர்க்கலாம். மஜ்ஜையிலிருந்து வெளிப்படும் மூல அணுக்கள் ஈரலையும் பழுதுபார்க்கலாம். இதுவே டாக்டர்களின் எண்ணம்.

டில்லியில் நடந்த ஆய்வு ஒன்று 2012-இல் வெளியாயிற்று. ஊசி பெற்ற 23 பேரில் 16 பேர் 60 நாட்களுக்குப் பின்னும் உயிரோடிருந்தனர். பெறாத 24 பேரில் 7 பேரே பிழைத்திருந்தனர். 2014-இல் சண்டிகர் முதுநிலை மருத்துவக் கழகமும், மதுவால் ஈரல் கடுமையாக வீங்கியவர்களிடம் இதே போன்ற பலனைக் கண்டது. வைத்திய உலகம் வியந்ததில் ஆச்சரியமில்லை.

ஜெர்மனியின் தீர்ப்பு

ஆனால் ஜெர்மனியில் 176 நோயாளிகளிடம் நடந்த பெரிய சோதனை வேறு கதை சொல்லிற்று. மாற்று ஈரல் இல்லாமலே 90 நாள் பிழைத்தவர்கள், ஊசி பெற்றவர்களில் நூற்றுக்கு 34 பேர். பெறாதவர்களில் 37 பேருக்குச் சற்று மேல். பயனில்லை என்று கண்டு சோதனை இடையிலேயே நிறுத்தப்பட்டது. முடிவுகள் 2021-இல் வெளியாயின. அமெரிக்க, ஐரோப்பிய ஈரல் நிபுணர்களின் வழிகாட்டிகள் இம்மருந்தை வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைக்கவில்லை.

அப்படியானால் டில்லி ஆய்வு பொய்யா? அல்ல. நாற்பது, ஐம்பது பேரை வைத்துச் செய்யும் சோதனையில் நான்கைந்து பேர் தற்செயலாகப் பிழைத்தாலும் கணக்கு பெரிதும் மாறிவிடும். நோயின் காரணமும் கடுமையும் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றன. எந்த நோயாளிக்குப் பயன்படும் என்பது இன்னும் தீராத வழக்கு.

விலை பணத்தில் அல்ல

இந்த ஊசிக்குக் கொடுக்கும் உண்மையான விலை நாட்கள்தான். ஊசியை நம்பிக் காத்திருக்கையில் கிருமித் தொற்று முற்றினால், மாற்று ஈரல் வைக்கும் வாய்ப்பே நழுவக்கூடும். மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புகளைப் பகிர்ந்தளிக்கும் திட்டம் தமிழ்நாட்டில் 2008 முதல் நடந்து வருகிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும் ஈரல் மாற்றுச் சிகிச்சைக்கு இடமுண்டு. ஆகவே குடும்பத்தார் முதல் நாளே கேட்க வேண்டியவை இரண்டு: இந்த ஊசி ஏற்கப்பட்ட சிகிச்சையா, சோதனையா? மாற்று ஈரலுக்கு இவர் தகுதியானவரா?

அதற்கும் முந்திய காப்பு ஊரிலேயே இருக்கிறது. குழந்தை பிறந்தவுடன் போடும் மஞ்சள் காமாலை 'பி' தடுப்பூசி சர்க்கார் ஆஸ்பத்திரியில் இலவசம். மதுவை விடுவதற்குக் காசு வேண்டாம். கண் மஞ்சளித்ததும், பெயர் தெரியாத மருந்தை அரைத்துக் குடிக்காமல், ரத்தப் பரிசோதனைக்குப் போவதற்குச் சேலம் பஸ் கட்டணம் போதும்.