வதந்தியும் தண்டனையும்



2018 மே மாதத்தில், போளூர் அருகே குலதெய்வக் கோயிலைத் தேடிப் போன வழியில் சிறுவர்களுக்குச் சாக்லேட் கொடுத்த ஒரு மூதாட்டியை, பிள்ளை பிடிப்பவர் என்று வாட்ஸ்ஆப்பில் உலவிய வதந்தியை நம்பிய ஜனக்கூட்டம் அடித்துக் கொன்றதை நினைக்குந்தோறும் நெஞ்சு பதைக்கிறது.

2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 103(2)ஆம் பிரிவு, ஐவரோ அதற்கு மேற்பட்டோரோ கூடி இனம், ஜாதி, மொழி முதலிய காரணங்களால் செய்யும் கொலைக்கு மரண தண்டனை வரை விதித்தாலும், பிள்ளை பிடிப்பவர் என்ற வெறும் சந்தேகம் அக்காரணங்களுள் அடங்குமா என்பது தெளிவாக இல்லை. ஆனாலும், வதந்தியை முதலில் அனுப்பியவரைக் கண்டறிவதற்காக வாட்ஸ்ஆப்பில் அனைவரின் அந்தரங்கத்தையும் திறப்பதை நான் ஆதரியேன். அதற்குப் பதிலாக, கும்பல் வன்முறையைத் தடுக்க மாவட்டந்தோறும் போலீஸ் சூப்பிரண்டு அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரியை நியமிக்கும்படி சுப்ரீம் கோர்ட் 2018 ஜூலையில் உத்தரவிட்டதே, அவருடைய பெயரையும் தொலைபேசி எண்ணையும் கிராமந்தோறும் சர்க்கார் எழுதி ஒட்டட்டும்.

இங்ஙனம்,
ஒரு வாசகர்