‘அமெச்சூருக்கு’ என்ற சலுகை

ஃப்ரான்ஸ் லிஸ்ட்டின் முதல் மெஃபிஸ்டோ வால்ட்ஸை ஒருவர் தன் வீட்டில் வாசித்துப் பதிவு செய்திருக்கிறார். 13 நிமிஷம். பெயர் தேவையில்லை. ஐரோப்பாவில் எங்கோ இருக்கிறார்; பகலில் வேறு உத்தியோகம், இரவில் பியானோ. நண்பர் ஒருவர் மூலம் வந்த இந்தப் பதிவு, மேல்நாட்டு இசையில் அக்கறை இருப்பதாகச் சொல்லிக்கொள்ளும் எங்கள் ஏழெட்டுப் பேரிடம் ஒரு சுற்று சுற்றி முடிந்துவிட்டது. வாசித்தவர் கேட்டது அபிப்பிராயம். கிடைத்தது இரண்டு தினுசுச் சரக்கு. ‘ஒரு அமெச்சூருக்கு இது பிரமாதம்’ என்பது ஒன்று. எங்கெங்கே எத்தனை அபஸ்வரம் என்ற ஜாபிதா இன்னொன்று. இரண்டையும் நான் நிராகரிக்கிறேன், முதலாவதைக் கொஞ்சம் கூடுதலான வெறுப்போடு.

வாசிக்கப்பட்டது என்ன என்று இவர்களில் யாரும் யோசித்ததாகவே தெரியவில்லை. நிக்கோலஸ் லெனாவ் எழுதிய ‘ஃபௌஸ்ட்’ (1836), கதேயுடையது அல்ல. (பெயரைக் கேட்டதும் கதே என்று ஆரம்பித்துவிடுவது நம் வழக்கம்.) ஒரு கிராமத்து மதுக்கடையில் கல்யாணக் கூத்து. மெஃபிஸ்டோ அங்கிருந்த வாத்தியக்காரனிடமிருந்து வயலினைப் பிடுங்கி வாசிக்கிறான். கூட்டம் நிதானம் இழக்கிறது. ஃபௌஸ்ட் ஒரு பெண்ணோடு ஆடிக்கொண்டே காட்டுக்குள் போகிறான். 1860ஐ ஒட்டிய வருஷங்களில் லிஸ்ட் இதை ஆர்க்கெஸ்ட்ராவுக்கும் பியானோவுக்குமாக எழுதினார்; பியானோ வடிவம் அவருடைய மாணவர் கார்ல் டௌஸிக்குக்குச் சமர்ப்பணம். ஆரம்பமே சுருதி சேர்க்கிற சப்தம்தான். ச–ப, அந்தப் பஞ்சமத்தையே ஷட்ஜமாக வைத்து இன்னொரு பஞ்சமம், அதன் மேல் இன்னொன்று. ஒன்றின் தலையில் ஒன்றாக அடுக்கி, காதை உறுத்துகிற அளவுக்குக் கொண்டுபோகிறார். சாத்தான் தந்தியை முறுக்குகிறான். சுத்தமான பஞ்சமங்களைக் கொண்டே அசிங்கமான ஒரு சப்தத்தைக் கட்டிவிட முடியும் என்பதில்தான் லிஸ்ட்டின் மேதைமை.

இந்த ஆரம்பத்தை நமது பதிவாளர் அற்புதமாக வாசித்திருக்கிறார். அவருடையது சுவரோடு ஒட்டிப் போடுகிற அப்ரைட் பியானோ, கீழ் ஸ்தாயியில் சுருதி கலைந்தது. அந்தக் கரகரப்பு மதுக்கடைக்குப் பொருந்துகிறது. மெருகேற்றிய கச்சேரிப் பியானோக்களில் இந்தப் பக்கங்களைக் கேட்கும்போது பணக்கார ஹோட்டலில் கிராமிய விருந்து போட்ட மாதிரி இருக்கும்.

பிற்பகுதியில் கைகள் ஸ்தாயிகளைத் தாண்டித் தாவ வேண்டிய பிரசித்தமான இடம் வருகிறது. பெரிய வித்வான்களே பயப்படுகிற இடம். இவர் வேகத்தைக் குறைக்கவில்லை. குதிக்கிறார், தப்பான கட்டைகளில் விழுகிறார், மறுபடி குதிக்கிறார். ஜாபிதாக்காரர்களின் அறுவடை முழுவதும் இங்கேதான். என் காதுக்கோ பதிவில் மிக உண்மையான இடம் இதுதான். ஆட்டம் நிற்கவில்லை.

பதிவு செத்துப்போவது வேறு இடத்தில், நடுவில், டி ஃபிளாட் மேஜரில் வருகிற காதல் மெட்டில். விரல்களுக்கு அங்கே பெரிய சோதனை எதுவும் இல்லை. ஒரு ஸ்வரமும் தப்பவில்லை. ஆனால் அந்த மெட்டின் உயிர் தட்டு விழுகிற இடத்தில் தான் விழ மறுப்பதில் இருக்கிறது. முன்னே பிடித்த ஸ்வரம் தட்டைத் தாண்டி நீள்கிறது; அடியில் நடனம் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. நழுவுவதற்கு ஒரு தளம் வேண்டும் அல்லவா? இவர் ஒவ்வொரு ஸ்வரத்தையும் இழுத்து, உருகி, தட்டையே கரைத்துவிடுகிறார். தட்டு இல்லாத இடத்தில் எதிர்த்தட்டு எங்கிருந்து வரும்? மயக்குகிற சாத்தான் போய், முகவரி தெரியாமல் காதல் கடிதம் எழுதுகிற பையன் வந்துவிடுகிறான். முடிவுக்குச் சற்று முன் நைட்டிங்கேல் பாடுகிற இடத்திலும் இதே சமாச்சாரம். (தமிழில் இதைக் குயில் என்று போட்டுவிடுவார்கள். வேறு பறவை.)

‘அமெச்சூருக்கு’ என்ற சலுகை இங்கே எதற்கு உதவும்? பயிற்சிக்கு நேரமில்லை, சரி. நேரமின்மை தாவுகிற விரல்களைப் பாதிக்கும். மெதுவான ஒரு மெட்டின் அடியில் ஓடுகிற மூன்றைக் காதால் பிடித்துக்கொண்டிருப்பதற்குத் தினம் எட்டு மணி நேர சாதகம் வேண்டாம். இவர் பிழை காதின் பிழை. சலுகை அதை மூடிவிடுகிறது. நாம் மன்னிப்பதோ அவருக்குத் தேவையே இல்லாத இடத்தில்.

பிழை எண்ணுகிற கட்சிக்கு ஒரு வார்த்தை. எண்ணுவது என் பகல் வேலை. வங்கிக் கவுண்டரில் மாலையில் ஒரு ரூபாய் இடித்தாலும் கண்டுபிடித்துத்தான் எழுந்திருக்க வேண்டும். அங்கே அது தர்மம். பேத்தோவனின் ஸொனாட்டாக்கள் முழுவதையும் முதன்முதலாக இசைத்தட்டுகளில் கொண்டுவந்த ஆர்தர் ஷ்னாபெலின் 1930களின் பதிவுகளில் தப்பு ஸ்வரங்கள் தாராளமாக உண்டு. இன்றும் அவற்றைத் தேடிக் கேட்கிறார்கள். பிற்பாடு ஒலிநாடாவை வெட்டி ஒட்டும் வசதி வந்தது. 1964இல் மேடையை விட்டு விலகிய கிளென் கூல்ட் அதை ஒரு கலைக்கொள்கையாகவே முன்வைத்து வாதாடினார். அவருக்கு அது தகும். ஆனால் ஒட்டுப்போட்ட பதிவுகளிலேயே வளர்ந்த காதுகள், வீட்டில் ஒரே மூச்சில் வாசித்த ஒருவரை அந்த அளவுகோலால் அளப்பது விமர்சனம் ஆகாது. தணிக்கை.

தவிர, இந்த ‘அமெச்சூர்’ என்கிற வார்த்தையையே நாம் எவ்வளவு மொண்ணையாகப் பிடித்துக்கொண்டிருக்கிறோம்! லிஸ்ட் பணத்துக்காக மேடையில் வாசிப்பதை 1847இல், 35 வயதில், நிறுத்திவிட்டார். இந்த வால்ட்ஸ் அதற்குப் பிறகு எழுதப்பட்டது. போரோதின் ரசாயனப் பேராசிரியர். சார்ல்ஸ் ஐவ்ஸ் இன்ஷூரன்ஸ் நடத்தினார். அவர்கள் இசையைக் கேட்டு யாரும் ‘ஒரு ரசாயனக்காரருக்கு’ என்று தலையாட்டுவதில்லை. டெக்ஸஸில் வான் கிளைபர்ன் பெயரால் அமெச்சூர்களுக்கென்றே 1999இல் ஒரு பியானோப் போட்டி ஆரம்பித்தார்கள். 35 வயது நிரம்பியிருக்க வேண்டும், பியானோ பிழைப்பாக இருக்கக் கூடாது. போட்டி என்றால் அங்கே நடுவர் உண்டு, தோல்வியும் உண்டு. அது மரியாதை.

நம் கவிதைக்கு இந்த மரியாதை கிடையாது. ‘ஆபீஸ் போய்விட்டு வந்து எழுதுகிறார், பாவம்’ என்று எத்தனை தொகுப்புகளுக்கு முன்னுரை எழுதியிருக்கிறோம்? இந்தப் பத்திரிகையில் எழுதுகிற யார்தான் ஆபீஸ் போகவில்லை? எட்டு மணி நேரத்தை விற்றுவிட்டு மிச்சத்தில் செய்கிற காரியம்தான் ஒருவன் யார் என்று காட்டுகிறது. அதைப் பார்த்து இரக்கப்படுகிறவன், நான் எழுதுவதை முக்கியமாக நினைக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

அந்த வாசிப்பாளருக்கு ஒரு பக்கம் எழுதி நண்பரிடம் கொடுத்தேன். தாவல்களைத் தொட வேண்டாம், அவை இருக்கிறபடியே இருக்கட்டும். காதல் மெட்டை மட்டும் இடது கையைத் தனியாக வைத்து, காலால் தட்டு போட்டுக்கொண்டு, ஒரு மாதம் வாசியுங்கள். பிறகு அதன் மேல் வலது கையை நழுவவிடுங்கள். மறுபடி பதிவு செய்து அனுப்புங்கள் என்று. நண்பர் படித்துவிட்டு, மனசு புண்படும், பாவம் அமெச்சூர்தானே என்று தம்மிடமே வைத்துக்கொண்டார். இன்னும் அனுப்பவில்லை.