காத்திருப்பின் கணக்கு

பயணச்சீட்டுச் சாளரத்தின் முன் நிற்கும் வரிசை கண்ணுக்குத் தெரியும். கணினி வலையமைப்பில் நிற்கும் வரிசை தெரியாது. ஒருவர் அனுப்பும் செய்தி சிறுசிறு தரவுப் பொதிகளாகப் பிரிந்து, திசைவி என்னும் கருவிகள் பலவற்றைக் கடந்து செல்கிறது. ஒவ்வொரு திசைவியிலும் முன்வந்த பொதிகள் வெளியேறும்வரை பின்வந்தவை காத்திருக்கின்றன. இணையம் மெதுவாக இயங்குகிறது என மக்கள் குறைகூறும்போது, பல நேரங்களில் அவர்கள் சுட்டுவது இக்காத்திருப்பையே.

கூடுதல் கம்பிகளும் விரைவான கருவிகளுமே இக்குறைக்கு மருந்து என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. அது பாதி உண்மையே. கணக்கிடாமல் வாங்கும் கருவி, நோயறியாமல் கொடுக்கும் மருந்தை ஒத்தது.

தொலைபேசியில் தொடங்கிய கணிதம்

டென்மார்க் நாட்டுக் கணித அறிஞர் ஏ.கே. எர்லாங், 1908ஆம் ஆண்டு கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியில் சேர்ந்தார். அழைப்போர் ஏமாற்றமடையாதிருக்க எத்தனை இணைப்புகள் தேவை என்பது அவர்முன் நின்ற வினா. யார், எப்போது அழைப்பார் என்பதை எவராலும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. ஆயினும், பலருடைய அழைப்புகளைச் சேர்த்து நோக்கினால் ஓர் ஒழுங்கு புலப்படும் என்பதை நிகழ்தகவின் துணையால் 1909இல் அவர் காட்டினார். இன்று வரிசைக் கோட்பாடு என வழங்கும் கணிதப் பிரிவுக்கு அதுவே வித்து. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்க அறிஞர் லெனார்டு கிளைன்ராக், இக்கோட்பாட்டைத் தரவு வலையமைப்புகளுக்கு விரித்துரைத்தார்.

ஓய்வு வீணன்று

ஒரு திசைவி நொடிக்குச் சராசரியாக 1000 பொதிகளை அனுப்பவல்லது எனக் கொள்க. பொதிகளின் வருகையும் அளவும் தற்செயலாக மாறுபடுகின்றன. அனுப்பும் திறனிலிருந்து வருகையைக் கழித்து, கிடைக்கும் எண்ணால் 1ஐ வகுத்தால், ஒரு பொதி அங்குத் தங்கும் சராசரி நேரம் நொடியில் கிடைக்கும். நொடிக்கு 500 பொதிகள் வந்தால் அந்நேரம் 2 மில்லிநொடி. 900 வந்தால் 10 மில்லிநொடி. 990 வந்தால் 100 மில்லிநொடி. 900இலிருந்து 990க்கு வருகை பத்தில் ஒரு பங்கே கூடியது. காத்திருப்போ பத்து மடங்காயிற்று.

பொதுப்பணத்தில் வாங்கிய கருவி ஒரு கணமும் ஓய்ந்திருத்தல் கூடாது எனச் சிலர் வாதிடுவர். சிக்கனம் நல்லதே. ஆனால், முழுத்திறனையும் உறிஞ்சும் திட்டம் சிக்கனமாகாது. அவசர ஊர்தி ஓட்டமின்றி நிற்கும் நேரத்தை எவரும் வீண் என்பதில்லை. வலையமைப்பின் ஓய்வும் அத்தகையதே.

கம்பி குறையன்று, நெறி குறை

1986 அக்டோபரில் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் இடையே தரவின் வேகம் நொடிக்கு 32,000 பிட்டுகளிலிருந்து 40 பிட்டுகளாக வீழ்ந்தது. இரண்டுக்கும் இடைத்தொலைவு ஏறத்தாழ 400 கஜமே. நெரிசலில் பொதிகள் தொலைந்தன. தொலைந்தவற்றைக் கணினிகள் மீண்டும் மீண்டும் அனுப்பின. நெரிசல் மேலும் முற்றியது. வான் ஜேக்கப்சன் இதனை ஆராய்ந்து, நெரிசலை உணர்ந்து அனுப்பும் வேகத்தைக் கணினியே குறைத்துக்கொள்ளும் நெறிகளை 1988இல் வெளியிட்டார். புதிய கம்பியன்று, சிந்தனையே அங்குத் தீர்வாயிற்று.

கணிதத்துக்கும் எல்லை உண்டு. தொலைபேசிக்குப் பொருந்திய கணக்கு, திடீர்த் திடீரெனப் பெருகும் கணினித் தரவுக்கு அப்படியே பொருந்துவதில்லை என்பதை 1990களின் அளவீடுகள் காட்டின. எனவே கணக்கை அளவீடு திருத்த வேண்டும். அளவீட்டுக்குக் கணக்கு பொருள் தர வேண்டும்.

தேர்வு முடிவு வெளியாகும் காலையில் இலட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் ஓர் இணையதளத்தைத் தேடுகின்றனர். ஆண்டு முழுவதுக்குமான சராசரியை நம்பி அமைத்த வலையமைப்பு அக்காலையில் கைவிடும். சொந்தக் கணினியும் விரைவான இணைப்பும் உடையவர் மீண்டும் மீண்டும் முயலலாம். இரவல் கைப்பேசியை நம்பி நிற்கும் மாணவருக்கு அவ்வாய்ப்பு இல்லை. ஆதலால் வலையமைப்பைச் சராசரி நாளுக்காக அன்றி, நெருக்கடி மிக்க நேரத்துக்காகத் திட்டமிடுதல் வேண்டும். பிறர் காத்திருப்பைக் கணக்கிடுவது கணிதத்தின் கடமை மட்டுமன்று, அறத்தின் கடமையுமாகும்.