உறை ஒன்று, தட்டு இரண்டு!

அமெரிக்காவில் பழைய ஜாஸ் இசைத்தட்டுச் சேர்ப்பவர்களில் சிலர், ஜான் கோல்ட்ரேனின் 'அஸென்ஷன்' தட்டு கையில் கிடைத்தால் உடனே போட்டுக் கேட்க மாட்டார்கள். விளக்கடியில் சாய்த்துப் பிடித்து, லேபிளைச் சுற்றியுள்ள வெற்றிடத்தில் ஏதோ தேடுவார்கள்!

1965 ஜூன் 28-ந் தேதி, கோல்ட்ரேன் பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு இதை இரண்டு முறை வாசித்தார். ஒருவர் தனியாக வாசிப்பார். பிறகு அத்தனை பேரும் மனம் போனபடி ஒரே சமயத்தில் முழங்குவார்கள். நம் கல்யாண வீட்டுக் கெட்டி மேளம்தான். ஆனால் சுமார் 40 நிமிஷம்!

1966-ல் முதல் வாசிப்பு வெளிவந்தது. கோல்ட்ரேனுக்கோ இரண்டாவதுதான் பிடித்திருந்தது. கம்பெனியார் தட்டை மாற்றினார்கள், உறையை மாற்றவில்லை. 'எடிஷன் 2' என்று தட்டில் கீறியதோடு சரி! எல்வின் ஜோன்ஸ் தனியாக டிரம் வாசிப்பது முதலாவதில் உண்டு, இரண்டாவதில் கிடையாது.

எது உசத்தி என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. டிரம் இல்லாத குறை எனக்கும் தெரியத்தான் செய்கிறது. ஆனாலும் சமைத்தவரே, "இதைப் பரிமாறு" என்ற பிறகு நாம் என்ன சொல்வது? கோல்ட்ரேன் 1967-லேயே, நாற்பது வயதில், காலமாகிவிட்டார்.

பின்னாளில் இரண்டும் ஒரே குறுந்தகட்டில் வந்துவிட்டன. விளக்கடியில் கீறல் தேடுகிறவர்கள் மட்டும் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.