அனுப்புநர்: பிள்ளைகள்

நான் ஆபீஸ் உத்தியோகத்தில் இருந்த காலத்தில், டிசம்பர் பிறந்தால் போதும்... செக்ஷனில் இருந்த ஒரே கிறிஸ்தவனான என்னைப் பார்த்து மற்ற எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "என்ன பாஸ், கேக் எப்போ?" மூன்று கிலோ பிளம் கேக் பதினைந்து நிமிஷத்தில் காலி. ஒருத்தராவது "கார்டு எங்கே?" என்று கேட்டதில்லை.

கேட்டிருக்க வேண்டும் ஸார்! ஏனென்றால் கிறிஸ்துமஸ் கார்டைக் கண்டுபிடித்தவரே உங்களை மாதிரி ஓர் ஆபீஸ் ஆசாமிதான். ஹென்றி கோல் என்று பெயர். லண்டனில் அரசாங்க ஆவணக் காப்பகத்தில் வேலை. 1840-ல் இங்கிலாந்தில் ஒரு பென்னிக்குத் தபால் என்று வந்ததில் அவருக்கும் பங்கு உண்டு. விளைவு, ஊரில் உள்ளவர்களெல்லாம் லெட்டர் போட ஆரம்பித்துவிட்டார்கள். மேஜை மேல் வாழ்த்துக் கடிதங்கள் குவிகின்றன. பதில் போடாவிட்டால் மரியாதை இல்லை. போட நேரமில்லை. மனுஷர் யோசித்தார். 1843-ல் ஹார்ஸ்லி என்ற ஓவியரைப் பிடித்து ஒரு படம் வரையச் சொல்லி, சுமார் ஆயிரம் கார்டு அச்சடித்து, மிச்சத்தை ஒரு ஷில்லிங் வீதம் விற்றும்விட்டார். ஷில்லிங் என்றால் பன்னிரண்டு பென்னி. தபால் செலவைப் போல் பன்னிரண்டு மடங்கு கார்டு விலை! (பி.காம். படித்தவனுக்கு இதெல்லாம்தான் முதலில் கண்ணில் படும்.) படத்தில் குடும்பமே ஒயின் குடிக்கிறது, குழந்தை உள்பட. மதுவிலக்குக்காரர்கள் சும்மா விடவில்லை.

அந்தக் கார்டில் 'யாருக்கு', 'யாரிடமிருந்து' என்று இரண்டு இடம் காலியாக விட்டிருந்தது. அந்த இரண்டாவது இடத்தை வைத்துத்தான் எங்கள் வீட்டில் இருபத்தைந்து வருஷ அரசியலே நடந்திருக்கிறது.

எங்களுக்குப் பூர்வீகம் பாளையங்கோட்டை. மூங்கில் குச்சியில் ஸ்டார் கட்டுவது, நடுராத்திரி கேரல் ரவுண்ட்ஸ் போய்த் தெருநாய்களை எழுப்புவது, விடிவதற்குமுன் புதுச் சட்டை மடிப்புக் கலையாமல் கோயிலில் போய்த் தூங்கி விழுவது, தீபாவளிக்குப் பலகாரம் தந்த வீடுகளுக்கெல்லாம் முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் தட்டில் வைத்து மூடிக்கொண்டு போய்க் கொடுப்பது... இதெல்லாம் எல்லா வீட்டிலும் உண்டு. எங்கள் வீட்டில் கூடுதலாக ஒரு கார்டு ஃபேக்டரி. அரைப் பரீட்சையும் அதுவும் ஒன்றாகத்தான் வரும். அக்கா டிசைனர். நான் பெவிகால் இலாகா.

1999 கணக்குப்படி ஒரு சார்ட் பேப்பர் 3 ரூபாய், எட்டுக் கார்டு தேறும். பழைய கல்யாணப் பத்திரிகைகளிலிருந்து தங்க பார்டர் இலவசம். வெண்டைக்காயைக் காம்புப் பக்கம் குறுக்கே வெட்டி, இங்க்கில் தோய்த்து ஒற்றினால் பெத்லகேம் நட்சத்திரம். மீதிக் காய் மத்தியானம் பொரியல். பஞ்சை ஒட்டினால் பனி. (எங்கள் ஊரில் பனி பார்க்க வேண்டுமென்றால் ஐஸ் வண்டியைத்தான் எட்டிப் பார்க்க வேண்டும். அதனாலென்ன?) கார்டு மேல் ஓர் இலையை வைத்து, பழைய பிரஷ்ஷை இங்க்கில் நனைத்துச் சீப்பில் தேய்த்தால் பொடிப்பொடியாகத் தெறிக்கும். இலையை எடுத்தால் அதன் வடிவம் வெள்ளையாக நிற்கும். ஒரு வருஷம் வாசலில் கிடைத்தது என்று வேப்பிலையை வைத்து எடுத்து அனுப்பினோம். நாகர்கோவிலிலிருந்து பெரியம்மா அலறிக்கொண்டு போன் பண்ணினார். "ஏட்டி, வீட்ல யாருக்கு அம்மை போட்டிருக்கு?"

பெரியம்மா போன் பண்ணியது அதிசயம். ஏனென்றால் 1998-லேயே பேச்சுவார்த்தை நின்றுவிட்டது. தாத்தா வீட்டைப் பாகம் பிரித்ததில் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் முட்டிக்கொண்டது. ஒரே கல்யாணத்துக்கு இருவரும் வருவார்கள். ஒருத்தர் மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் உட்கார்ந்தால் மற்றவர் பெண் வீட்டுப் பக்கம். வீட்டில் அப்பா 'அண்ணன்' என்ற வார்த்தையையே விட்டுவிட்டார். "அந்த வீடு" என்பார், அதுவும் தவிர்க்க முடியாவிட்டால்.

அம்மாவிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு உண்டு. இடது பக்கம் 'வந்தது', வலது பக்கம் 'போனது'. எந்த ஆடிட்டரும் குறை சொல்ல முடியாது. இரண்டு வருஷம் கார்டு வராவிட்டால் அந்தப் பெயர் வாராக்கடன். ஒரு கோடு, அடிபட்டுவிடும். நாகர்கோவில் கணக்கில் மட்டும் கோடு விழவே இல்லை.

அப்பா பெயரில் கார்டு போனால் அப்பா இறங்கிவந்த மாதிரி. கடையில் வாங்கி அனுப்பினாலும் அதேதான், பெரியவர்கள் யாரோ காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்கள் என்று ஆகிவிடும். பஞ்சு பிய்ந்து தொங்கும், வெண்டைக்காய் நட்சத்திரம் ஒட்டிய கார்டு என்றால்? "பிள்ளைங்க ஏதோ செஞ்சு அனுப்பியிருக்கு" என்று இரண்டு பக்கமும் கௌரவமாக இருந்துகொள்ளலாம். அனுப்புநர் இடத்தில் அக்கா பெயரும் என் பெயரும் மட்டும். அங்கிருந்தும் அதே சட்டம்: பெரியப்பா மகள் பெயரில் வாட்டர் கலர் மெழுகுவர்த்தி வரும். எல்லாக் கார்டும் ஹாலில் ஒரு நூலில் தொங்கும். அந்த ஒன்றை அப்பா ஏறிட்டும் பார்க்க மாட்டார். ஆனால் ஃபேன் காற்றில் அது திரும்பிக்கொண்டால், கொஞ்ச நேரத்தில் நேராகியிருக்கும்!

இப்போது குடும்ப வாட்ஸப் குரூப்பில் இருவருமே இருக்கிறார்கள். அப்பா தினமும் ரோஜாப்பூவோடு ஒரு வசனம் போடுகிறார். பெரியப்பா ஒரு சூரியோதயம் போடுகிறார். அறுபது பேருக்குப் போகிற வாழ்த்து அண்ணனுக்குப் போனதாகக் கணக்காகுமா? இருவருமே அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. போன வருஷம் பெரியப்பாவுக்குப் பைபாஸ் ஆனபோது சென்னையிலிருந்து ரயில் டிக்கெட் எடுத்துக் கொடுத்தவர் அப்பாதான். இரண்டே டிக்கெட், அம்மாவுக்கும் எனக்கும்.

பிள்ளைகள் என்று எழுத அக்காவுக்கும் எனக்கும் வயது போய்விட்டதால், இந்த வருஷம் ஃபேக்டரி என் மகள் கைக்கு வந்திருக்கிறது. எட்டு வயது. நாகர்கோவில் தாத்தாவுக்கென்று வெண்டைக்காய் நட்சத்திரம் பதினொன்று அடித்திருக்கிறாள். கவரில் விலாசம் எழுதி முடித்து, "அப்பா, பின்கோடு?" என்றாள். பெரியப்பா 2011-ல் வீடு மாறியவர். அந்தப் புது வீட்டு வாசலை அப்பா மிதித்ததில்லை. நோட்டைத் தேடி அம்மா அலமாரியைக் குடைந்துகொண்டிருந்தார்.

பேப்பருக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஆறு, ரெண்டு, ஒன்பது... பூஜ்யம், பூஜ்யம், ரெண்டு."

"கடைசி ரெண்டா, மூணா தாத்தா?"

"ரெண்டும்மா. மூணுன்னு போட்டா வேற போஸ்டாபீஸுக்குல்லா போகும்? கிறிஸ்மஸ் தாண்டித்தான் கிடைக்கும்."

பேப்பர் இறங்கவில்லை.