பத்தாமிடத்துக்கும் பந்தியா?

ஓகஸ்ட் மாதம் கல்குடாப் பகுதியில் சிறுபோக அறுவடைக் காலம். வெட்டும் இயந்திரத்தின் முறைக்காக வரம்பில் காத்து நிற்கும்போது, என் கையிலுள்ள தொலைபேசியில் வேறோர் அறுவடைக் கணக்கும் ஓடிக்கொண்டிருக்கும். அது அவுஸ்திரேலிய உதைபந்தாட்டத்தின் கடைசிச் சுற்று. மார்ச் மாதம் தொடங்கும் ஆட்டங்கள் ஓகஸ்ட் இறுதியில் ஓய்கின்றன. யார் இறுதிப் போட்டிகளுக்குள் நுழைவார், யார் வீடு திரும்புவார் என்பதை அந்தச் சில நாட்களே தீர்க்கின்றன.

அறியாதார்க்கு ஆட்டத்தைச் சுருங்கச் சொல்வேன். நீள்வட்டத் திடல், முட்டை வடிவப் பந்து, பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர், எல்லையில் நான்கு கம்பங்கள். நடு இரண்டுக்கும் இடையே உதைத்தால் ஆறு புள்ளி, ஓரத்து இடைவெளியிற் போனால் ஒன்று. கழகங்கள் பதினெட்டு. மெல்பேணில் ஒருவன் எந்தக் கழகத்தவன் என்பது பெரும்பாலும் அவன் பிறக்கும்போதே முடிவாகிவிடும். கொம்புமுறி விளையாட்டில் வடசேரி, தென்சேரி என்று குடிவழியாகவே பிரிந்து நின்ற மட்டக்களப்பாருக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

என் மூத்த சகோதரியின் மகன் அங்கே கார்ல்டன் கழகத்துக்கு வாழ்க்கைப்பட்டவன். 2022ஆம் ஆண்டின் கடைசிச் சுற்றை அவன் இன்னும் மறக்கவில்லை. கார்ல்டன் வெல்லவும் வேண்டாம், சமன் செய்தாலே போதும் என்ற நிலை. பரம வைரியான கொலிங்வுட்டுடன் ஆட்டம். கடைசிக் காற்பகுதியில் கையிலிருந்த முன்னிலை கரைந்து, 75க்கு 74 என்று ஒற்றைப் புள்ளியில் தோல்வி. வெஸ்டர்ன் புல்டோக்ஸ் கழகத்துக்கும் அவர்களுக்கும் வெற்றிகள் சமமாய், அடித்த புள்ளிக்கும் வாங்கிய புள்ளிக்கும் உள்ள விகிதாசாரத்தில் ஒரு வீதம்கூட வித்தியாசமில்லாமல், எட்டாமிடம் புல்டோக்ஸுக்குப் போயிற்று. அன்றிரவு தொலைபேசியில் அவன் பேசவில்லை. மூச்சு மாத்திரமே கேட்டது.

அந்தக் கொடுமையிலேதான் கடைசிச் சுற்றின் மகிமை இருக்கிறதென்பது என் கட்சி. இனி அது குறையப்போகிறது. 2026 முதல் எட்டுக்குப் பதிலாகப் பத்துக் கழகங்களுக்கு வாசல் திறந்திருக்கிறார்கள். ஏழாமிடத்தான் பத்தாமிடத்தானோடும், எட்டாமிடத்தான் ஒன்பதாமிடத்தானோடும் மோதி, வென்ற இருவர் உள்ளே போவர். 1971 வரை பன்னிரண்டு கழகங்களில் நான்குக்கே இடமிருந்தது. மூன்றில் ஒரு பங்கு. 1972இல் ஐந்து, 1991இல் ஆறு, 1994இல் எட்டு என்று வளர்ந்து, இன்று பதினெட்டில் பத்து, பாதிக்கு மேல்! வகுப்பில் பாதிக்கு மேற்பட்டோருக்கு விசேட சித்தி கொடுக்கும் ஆசிரியரை நாம் என்னவென்போம்?

மருமகன் இதனை ஒப்பவில்லை. "மாமா, 2023ஐ நினைத்துப் பாருங்கோ" என்றான். அவ்வாண்டு கடைசிக்கு முந்திய சுற்றில், சிட்னிக்கு எதிராக அடிலெயிட் கழகத்தின் பென் கீஸ் அடித்த பந்து கம்பத்திற் பட்டதென்று நடுவர் தீர்ப்பளித்தார். பந்து கம்பத்தைத் தொடவேயில்லை. அடிலெயிட் ஒரு புள்ளியால் தோற்றது. தீர்ப்புப் பிழையென்று லீக் நிருவாகமே பின்னர் ஒப்புக்கொண்டது. ஆனால் ஆட்டம் திரும்பி வரவில்லை. அவர்கள் பத்தாவதாக முடித்தார்கள். புதிய விதி அன்றிருந்தால் அந்த அநீதிக்கு ஒரு பரிகாரம் கிடைத்திருக்குமே என்பது அவன் வாதம்.

எனக்கு உடனே மறுமொழி வரவில்லை என்பதை மறைப்பதற்கில்லை. அவன் மேலும் ஒன்று சொன்னான்: ஒவ்வொரு கழகத்துக்கும் எதிரிகள் பதினேழு, ஆட்டங்களோ இருபத்துமூன்று, ஆறு பேரை மாத்திரம் இருமுறை சந்திக்க நேர்கிறது. ஒருவனுக்கு வலியவர் ஆறு பேர் வாய்ப்பர், இன்னொருவனுக்கு நலிந்தவர். பட்டியலே நேர்மையானதன்று என்றால், எட்டாமிடத்துக்கும் ஒன்பதாமிடத்துக்கும் இடையே வேலி போடுவது எப்படி நீதியாகும்?

கேள்வி நியாயமானது, மருந்துதான் பிழை. மரைக்காலில் ஓட்டையிருந்தால் அதையல்லவா அடைக்க வேண்டும்? ஓட்டை மரைக்காலால் அளந்துவிட்டு, வந்தவர்க்கெல்லாம் ஒரு பிடி கூடப் போடுவது நீதியாகாது. நடுவர் பிழையைத் திருத்த நடுவர் முறையைத் திருத்துக. அட்டவணை கோணலென்றால் அட்டவணையை நிமிர்த்துக. போகத்துக்கு முன் கூட்டம் கூடி விதைப்புக்கு முடிவுத் திகதி குறிக்கிறோம். பிந்தியவருக்காக ஒருமுறை அதைத் தள்ளி வைத்தால், அடுத்த போகத்தில் முந்தி விதைத்தவனும் பிந்தத் தொடங்குவான்; கடைசியில் தண்ணீர் போதாமற் போவது எல்லார் வயலுக்குந்தான்.

புதிய விதியால் வாசலில் மக்கள் கூட்டமும் தொலைக்காட்சிப் பணமும் பெருகும் என்பதில் ஐயமில்லை. அதுவே உண்மைக் காரணமென்று நான் எண்ணுகிறேன். எனினும் ஒரு நன்மையையும் சொல்லத்தான் வேண்டும். இனிக் கடைசிச் சுற்றில் ஆறாமிடத்துக்கான போர் கடுமையாகும். ஆறுக்குள் நின்றவன் ஒரு வாரம் ஓய்வெடுப்பான். ஏழாவதாய் நின்றவன் அடுத்த வாரமே உயிருக்குப் போராட வேண்டும். எட்டுக் கழகங்களுக்கு இடமிருந்தபோது ஆறுக்கும் ஏழுக்கும் இடையே இவ்வளவு பெரிய பள்ளம் இருந்ததில்லை. நான் பார்க்கப்போவதும் அந்தப் பள்ளத்தின் ஓரத்தைத்தான், பத்தாமிடத்தை அன்று.

மெல்பேணில் இரவு ஏழரை மணியென்றால் இங்கே பிற்பகல் மூன்று. கச்சான் காற்று அடங்காத வேளை. திண்ணையில் சமிக்ஞை சில வேளை அறுந்துபோகும். கார்ல்டன் ஒன்பதாமிடத்தில் நின்றால் மருமகன் முதலில் எனக்குத்தான் தொலைபேசி எடுப்பான். என்ன சொல்வதென்று இப்போதே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.