ஹவுஸ் ஒய்ஃபா, ஹோம் மேக்கரா?

பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கும் படிவத்தில் 'தாயின் தொழில்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் 'ஹவுஸ் ஒய்ஃப்' என்று எழுதுவதா, 'ஹோம் மேக்கர்' என்று எழுதுவதா? "எதை எழுதினா என்ன, ரெண்டும் ஒண்ணுதானே" என்பார்கள். ஒன்றில்லை சகோதரிகளே!

ஹவுஸ் என்றால் செங்கல், சிமென்ட் வைத்துக் கட்டிய வீடு. ஹோம் என்றால் மனுஷங்க மனசு ஒட்டி வாழ்கிற இல்லம். வாடகைக்கு விடுவது ஹவுஸ். வெளியூர் போனால் நினைத்து ஏங்குவது ஹோம். 'ஹவுஸ் ஒய்ஃப்' என்றால் ஒருவருக்கு மனைவி என்ற உறவுதான் தெரிகிறது. 'ஹோம் மேக்கர்' என்றால் இல்லத்தை உருவாக்குகிறவர் என்று செய்கிற வேலை தெரிகிறது. கல்யாணம் ஆகாமல் பெற்றவர்களைக் கவனித்துக் கொள்ளும் அக்காவும் ஹோம் மேக்கர்தான். அவரை ஹவுஸ் ஒய்ஃப் என்று சொல்ல முடியுமா?

ஹவுஸ் ஒய்ஃப் என்பதற்கு இங்கிலீஷில் ஊசி, நூல் வைக்கும் சின்னப் பை என்றும் ஓர் அர்த்தம் உண்டு. அதே சொல்தான் தேய்ந்து 'ஹஸ்ஸி' என்றாகி, நடத்தை கெட்டவள் என்று திட்டுகிற வார்த்தையானது. வீட்டைக் காப்பவளின் பெயரே வசவாக மாறின கொடுமையைப் பாருங்கள்!

2023 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் வெளியிட்ட கையேட்டில், ஹவுஸ் ஒய்ஃப் என்பதற்குப் பதில் ஹோம் மேக்கர் என்று எழுதச் சொல்லியிருக்கிறார்கள். சந்தோஷம். ஆனா, பேரை மட்டும் மாத்தினா போதுமா?

2019-ல் மத்திய அரசு எடுத்த கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிறவர்களில் பெண்கள் தினமும் 299 நிமிடமும், ஆண்கள் 97 நிமிடமும் அதற்குச் செலவிடுவதாகத் தெரிந்தது. கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரம்! இதுக்கப்புறமும் "வீட்ல சும்மாதானே இருக்கே" என்ற பேச்சு நின்றபாடில்லை.

விபத்தில் இறந்த இல்லத்தரசியின் வேலைக்கும் வருமானம் கணக்கிட்டு நஷ்டஈடு தர வேண்டும் என்று 2021-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொன்னது. செத்த பிறகு மதிப்புப் போடுகிற வேலைக்கு, உயிரோடு இருக்கும்போதே மதிப்புத் தரக் கூடாதா? வீட்டுக் கடன் வாங்கும்போதும், மகளின் படிப்பை முடிவு செய்யும்போதும் "நீ என்ன சொல்றே?" என்று மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்கட்டும். இல்லத்தை உருவாக்குகிறவருக்கு அதில் சொல்லவும் உரிமை உண்டே!

அதுவரை, அந்தக் கட்டத்தில் வெறும் கோடு போட்டுவிட்டு வராதீர்கள். 'ஹோம் மேக்கர்' என்றோ, நம்ம தமிழில் அழகாக 'இல்லத்தரசி' என்றோ தைரியமாக எழுதுங்கள். என்ன தோழிகளே, நான் சொல்றது சரிதானே?

- ஒரு வாசகி, கும்பகோணம்.